1729-க்கு எந்த அடிமானம்? கோடை வகுப்புக்காக ஐந்து எண் முறைகளை எடைபோட்டுப் பார்த்தது

வருகிற மே விடுமுறையில் எங்கள் ஊர் நூலகத்து மாடியில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடன் ஆறு மாலைகள் உட்காரப் போகிறேன். பாடப்புத்தகக் கணக்கு கிடையாது. ஏதாவது ஒரு புது எண் முறையை எடுத்துக்கொண்டு, ஆறு மாலையும் அதிலேயே எழுதி, கூட்டி, பெருக்கி, அதில் குடியிருந்து பார்ப்பதுதான் திட்டம். பத்து அடிமானம், அதாவது ஒன்று, பத்து, நூறு என்று ஒவ்வோர் இடமும் பத்து மடங்காக ஏறும் நம் வழக்கமான முறை வேண்டாம், அது பள்ளியில் இருக்கிறது. 0, 1 மட்டும் வைத்து எழுதும் இருநிலை முறையும் வேண்டாம், மேல் வகுப்பில் கணினிப் பாடம் எடுத்தால் அது எப்படியும் வந்துவிடும். மிச்சமிருப்பதில் எதை எடுப்பது என்று இரண்டு மாதமாக யோசித்து, ஐந்து முறைகளைத் தாளில் போட்டுப் பார்த்தேன். என்னைப் போல வீட்டிலோ தெருவிலோ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதற்காக இந்த வேலை என்று சொல்லிவிட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் "1729 என்றால் என்ன?" என்று கேட்டால், ஒன்று, ஏழு, இரண்டு, ஒன்பது என்ற நான்கு இலக்கங்களைத்தான் அது எண் என்று நினைத்துக்கொண்டிருக்கும். எண் வேறு, அதை எழுதுகிற விதம் வேறு என்பது அதற்குத் தோன்றியிருக்காது. தோன்ற வாய்ப்பும் இல்லை, ஒரே ஒரு விதத்தில்தானே இதுவரை எழுதியிருக்கிறது! வேறு அடிமானத்தில் நாலு நாள் இருந்தால் மட்டுமே அந்தத் தையல் பிரிந்து தெரியும். ஆகவே எந்த முறையில் அது சீக்கிரமாகவும் தெளிவாகவும் பிரிகிறது என்பதுதான் என் அளவுகோல். பயன்பாடு, வேகம், போட்டித் தேர்வு எல்லாம் எனக்குப் பிறகுதான்.

சோதனைக்கு 1729-ஐயே எடுத்துக்கொண்டேன். லண்டன் புட்னியில் ராமானுஜன் நோயில் படுத்திருந்தபோது பார்க்கப் போன கணித அறிஞர் ஹார்டி ஏறிவந்த டாக்சியின் எண் என்று நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண்: 1³ + 12³, 9³ + 10³. அதற்கு இன்னொரு அழகும் உண்டு. இலக்கங்களைக் கூட்டினால் 1 + 7 + 2 + 9 = 19. அந்தப் 19-ஐத் திருப்பிப் போட்டால் 91. 19 × 91 = 1729.

இந்த இரண்டு அழகும் ஒரே வகை இல்லை. கனங்களின் கணக்கு எந்த ஊரில் எந்த எழுத்தில் எழுதினாலும் நிற்கும். 1729 = 7 × 13 × 19 என்பதும் அப்படியே நிற்கும். ஒற்றைப்படை என்பதும் மாறாது. ஆனால் 19-ஐத் திருப்பி 91 ஆக்கும் வித்தை பத்து அடிமானம் என்ற சட்டையைச் சேர்ந்தது, சட்டையைக் கழற்றினால் அதுவும் போய்விடும். எது உடம்பு, எது சட்டை என்று பிள்ளை தானே பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த ஒன்று நடந்துவிட்டால் ஆறு மாலைகளும் வீண் போகவில்லை.

(நம் பழைய எழுத்தில் இதே எண் ௲௭௱௨௰௯. ஆயிரம், ஏழு நூறு, இரண்டு பத்து, ஒன்பது. அடிமானம் பத்துதான், ஆனால் ஆயிரத்துக்கும் நூறுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறி இருப்பதால் பூச்சியத்துக்கு வேலையே இல்லை. முதல் மாலை பலகையில் இதைத்தான் எழுதுவேன். சட்டை மாறும் என்பதற்குத் தாத்தாக்களின் சாட்சி.)

பன்னிரண்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் போன வருஷம் அதைத்தான் எடுத்தேன். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் மூன்று மூன்று கணுக்களைத் தொட்டு எண்ணினால் பன்னிரண்டு வருகிறது, வீட்டில் பாட்டி எண்ணுவதைப் பார்த்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். டஜனும் தெரிந்ததுதான். பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒற்றை இலக்கக் குறி வேண்டும் என்றதும், பத்துக்கு ௰ ஏற்கெனவே இருக்கிறதே என்றார்கள். பதினொன்றுக்கு அவர்களே ஃ என்று வைத்துவிட்டார்கள்.

1729-க்கு இந்தச் சட்டை அற்புதமாகப் பொருந்துகிறது. இங்கே இட மதிப்புகள் 1, 12, 144, 1728 (12³). ஆகவே பன்னிரண்டில் 1729-ஐ எழுதினால் 1001. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. 1³ + 12³ என்ற ராமானுஜனின் கூற்று அப்படியே இலக்கங்களாக எதிரே நிற்கிறது. அதோடு, பத்தில் 11 × 91 = 1001 என்று நமக்குத் தெரியும். பன்னிரண்டில் 11 × ஃ1 = 1001. அங்கே 11 என்பது நம் 13, ஃ1 என்பது நம் 133. ஃ1-ஐயும் ஃ10-ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் பார்த்தால் இனமாற்றம் (அடுத்த இடத்துக்கு ஏற்றுகிற ஒன்று) வலமிருந்து இடமாக ஒவ்வொரு படியாக ஏறிப் போய் 1001-இல் நிற்பது கண்ணுக்குத் தெரியும். 13-ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும்: 1 − 0 + 0 − 1 = 0. வகுபடும். நாம் பத்தில் 11-க்குச் செய்கிற அதே சோதனைதான்.

சட்டையோடு போன பண்பும் இங்கே தெரிகிறது. பன்னிரண்டில் இலக்கங்களின் கூட்டுத்தொகை வெறும் 2. எண்ணோ ஒற்றைப்படை. இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் பெருமை போயே போச்சு.

இவ்வளவு இருந்தும் ஏன் இந்த முறை வேண்டாம் என்கிறேன்? வாய்ப்பாடு. பன்னிரண்டில் பெருக்க வேண்டுமானால் ஃ வரைக்கும் புது வாய்ப்பாடு வேண்டும். போன வருஷம் இரண்டு மாலைகள் அதற்கே போயின. மூன்றாம் மாலை கவனித்தபோது, பிள்ளைகள் ஒவ்வொரு எண்ணையும் மனசுக்குள் பத்துக்கு மாற்றி, அங்கே கணக்குப் போட்டு, விடையைப் பன்னிரண்டுக்குத் திருப்பிக் கொண்டிருந்தார்கள். ௰-உம் 5-உம் கூட்டினால் என்ன என்று கேட்டால், "பதினஞ்சு… அப்ப ஒண்ணு மூணு" என்று பதில் வரும். பதினைந்து என்று வாயில் வந்துவிட்ட பிறகு அவர்கள் இருப்பது பத்தில்தான். பன்னிரண்டு பத்துக்கு மிகவும் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டில் தங்கினால் சாப்பாட்டுக்குச் சொந்த வீட்டுக்கே வந்துவிடுகிறோம். ஒரு மாலைக்குப் பன்னிரண்டு போதும், ஆறு மாலைக்கு அது தாங்காது.

குறை இரண்டு, அதாவது −2-ஐ அடிமானமாக வைக்கும் முறைதான் ஐந்திலும் மிக விசித்திரமானது. இட மதிப்புகள் 1, −2, 4, −8, 16, −32 என்று குறி மாறி மாறிப் போகும். இலக்கங்கள் 0, 1 மட்டுமே. இரண்டை எழுத 110 (4 − 2). மூன்று 111. நான்கு 100. குறை ஒன்று 11, ஏனென்றால் −2 + 1 = −1. முன்னால் கழித்தல் குறி போடாமலே எல்லா மிகை எண்களையும் குறை எண்களையும் எழுதிவிடலாம். இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் மிகை எண், இரட்டைப்படை என்றால் குறை எண். முதன்முதலாகப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

1729 இதில் 1101111000001. பதின்மூன்று இலக்கங்கள், ஒற்றைப்படை, ஆகவே மிகை எண். சரிபார்க்க: 4096 − 2048 − 512 + 256 − 128 + 64 + 1. இன்னொரு நல்ல பண்பு: −2-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே ஒன்றுகளை எண்ணினாலே 3-ஆல் வகுபடுமா என்று தெரிந்துவிடும். மேலே ஏழு ஒன்றுகள், மீதி 1. பத்தில் 1 + 7 + 2 + 9 = 19, அதற்கும் மீதி 1. இரண்டு வேறு சட்டைகள், ஒரே உடம்பு. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கடினம்.

1885-இல் இத்தாலியின் விட்டோரியோ குருன்வால்ட் குறை அடிமானங்களைப் பற்றி எழுதினார். 1950-களின் இறுதியில் போலந்தில் இந்த முறையில் ஒரு சோதனைக் கணினியே கட்டினார்கள். ஆனால் கூட்டல் பிள்ளைகளைத் திணறடிக்கும். 1 + 1 = 110 என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களுக்கு இனமாற்றம் போகும். 1-ஐயும் 11-ஐயும் கூட்டிப் பாருங்கள். ஒன்றும் குறை ஒன்றும் சேர்ந்தால் பூச்சியம் வர வேண்டும். 110 விதியை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டினால் இனமாற்றம் இடப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், முடியவே முடியாது. இனமாற்றமாக −1-ஐ அனுப்பினால் ஒரே படியில் முடிந்துவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த இடம், ஆனால் குறை எண்களின் பெருக்கலே இன்னும் கையில் நிற்காத ஏழாம் வகுப்புப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து விடுவது நியாயமில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்பு என்றால் யோசிக்காமல் இதை எடுப்பேன்.

அடுத்தது காரணீயப் பெருக்க முறை. 1, 1 × 2, 1 × 2 × 3 என்று பெருக்கிக்கொண்டே போவதால் இட மதிப்புகள் 1, 2, 6, 24, 120, 720. முதல் இடத்தில் 1 வரை, இரண்டாம் இடத்தில் 2 வரை, மூன்றாம் இடத்தில் 3 வரை என்று இலக்கத்தின் உச்சவரம்பு இடத்துக்கு இடம் கூடிக்கொண்டே போகும். ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறு அடிமானமா என்று கேட்பார்கள். நம் நாட்டில் 1957 வரை அப்படித்தான் காசு எண்ணினோம். பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. 1729 தம்பிடியை ரூபாயாக்குங்கள்: ஒன்பது ரூபாய், அணா இல்லை, ஒரு தம்பிடி. 9, 0, 1. இந்தக் கணக்கு தற்செயலாகக் கையில் விழுந்தபோது அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

காரணீய முறையில் 1729 = 2 × 720 + 2 × 120 + 2 × 24 + 1, அதாவது 222001. கடைசி 1-ஐ எடுத்துவிட்டால் 222000, கடைசி மூன்று இடமும் பூச்சியம் என்பதால் 1728 என்பது 24-ஆல் வகுபடும் என்று பார்த்தவுடன் சொல்லலாம். ஆனால் இந்த முறையின் உயிர் வரிசை மாற்றத்தில் இருக்கிறது. நான்கு பேர் ஒரு பெஞ்சில் உட்காரும் 24 விதங்களையும் அகராதி வரிசையில் எழுதி, 0-இலிருந்து எண் போட்டால், 17-ஆம் எண் விதம் எது? 17 = 2 × 6 + 2 × 2 + 1, ஆகவே 221. அ, ஆ, இ, ஈ என்ற வரிசையில் இரண்டு பேரைத் தாண்டி இ. மிச்சமுள்ள அ, ஆ, ஈ-யில் இரண்டு பேரைத் தாண்டி ஈ. மிச்சத்தில் ஒருவரைத் தாண்டி ஆ. கடைசியில் அ. இ ஈ ஆ அ. பட்டியல் போடாமலே நேராக விடை! புரோகிராம் எழுதப் பிடித்த பிள்ளைகள் இருந்தால் இதைத் தாராளமாக எடுக்கலாம். என் வகுப்பில் இரண்டு பேர்தான் அப்படி, மற்றவர்களுக்கு இது ஒரு மாலையில் தீர்ந்துவிடும். அதற்குமேல் இதில் பெருக்கல் என்று ஒன்றைச் செய்யப் போனால் கையைக் கடிக்கும்.

பிபனாச்சி எண்களால் எழுதுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தைய இரண்டையும் கூட்டி அடுத்தது என்று 1, 2, 3, 5, 8, 13, 21 எனப் போகும் எண்களே இட மதிப்பு, அடுத்தடுத்த இரண்டு இடத்தில் 1 வரக்கூடாது. அந்த ஒரு நிபந்தனை போதும், ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். 1729 = 1597 + 89 + 34 + 8 + 1. பெருக்கலே தேவையில்லை, கூட்டல் தெரிந்த ஐந்தாம் வகுப்புக்கும் சொல்லலாம். லகுவுக்கு ஒன்று, குருவுக்கு இரண்டு என்று மாத்திரை எண்ணிய வடமொழி யாப்பு நூலார்கள் இந்த எண்களைப் பிபனாச்சிக்கு முன்பே கண்டிருந்தார்கள், ஹேமச்சந்திரர் சுமார் 1150-இலேயே எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்குக் குறில் ஒன்று, நெடில் இரண்டு என்று சொன்னால் புரிந்துவிடும்: நான்கு மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணச் சொல்லுங்கள், ஐந்து வரும். ஆனாலும் 7-ஆல் வகுபடுமா, 13-ஆல் வகுபடுமா போன்ற கேள்விகளுக்கு இந்த எழுத்து வாய் திறப்பதில்லை. உடம்பைத் தொட்டுப் பார்க்க விடாத சட்டை. அதனால் ஒதுக்கினேன்.

மிச்சம் ஒன்று. இதைத்தான் எடுக்கப் போகிறேன்.

அடிமானம் மூன்று. ஆனால் இலக்கங்கள் 0, 1, 2 கிடையாது. குறை ஒன்று, பூச்சியம், மிகை ஒன்று. எழுதும்போது −, 0, + என்று மட்டும் எழுதுவோம். நாங்கள் இதற்கு வைத்த பெயர் "தராசு மூன்று". பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் என் தேர்வுக்குக் காரணம் புரியும்.

டிசம்பரில் ஒரு மாலை சும்மா ஒத்திகை பார்த்தேன். மளிகைக் கடைகள் எல்லாம் எலக்ட்ரானிக் தராசுக்கு மாறிவிட்டதால், பழைய இரட்டைத் தட்டுத் தராசு ஒன்று பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது. துணிப் பைகளில் மணல் கட்டி நான்கு எடைக்கல் செய்தேன். பத்து கிராம் ஒரு அலகு. 1, 3, 9, 27 அலகு. ஒரு உருண்டைப் புளியைக் கொடுத்து, இதன் எடை எத்தனை அலகு என்று கேட்டேன். சரியாகப் பதினான்கு வருமாறு முன்பே நிறுத்து வைத்திருந்தேன், அது அவர்களுக்குத் தெரியாது. புளியை இடத்தட்டில் வைத்து, வலத்தட்டில் 9 வைத்தார்கள், புளி கீழே. 9, 3, 1 மூன்றையும் வைத்தார்கள், 13 ஆச்சு, இன்னும் புளிதான் கீழே. 27 வைத்ததும் கல் பக்கம் தொம்மென்று இறங்கியது. பதின்மூன்றுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் எதுவும் கிடையாதே என்று சலித்துப் போனார்கள். கல் பத்தாது, இன்னொரு மூன்று வேண்டும் என்றான் ஒருவன். அப்போது பின்னால் நின்றிருந்த ஒரு எட்டாம் வகுப்புப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, புளிப் பக்கமே கல்லை வச்சா தப்பா?"

தப்பில்லை என்றேன். ஒன்பதை எடுத்துப் புளியோடு வைத்தாள். கொஞ்சம் சமனுக்கு வந்தது. மூன்றையும் வைத்தாள். பிறகு ஒன்றையும். தராசு முள் ஆடி ஆடி நடுவில் நின்றது. 27-இலிருந்து 9, 3, 1 போனால் 14. யாரும் சொல்லித்தரவில்லை. குறை எண் என்பது பாடப்புத்தகத்தில் எண்கோட்டின் இடப்பக்கத்தில் கிடந்த ஒன்று. அன்றைக்கு அது புளி இருக்கிற தட்டில் வைத்த கல் ஆகிவிட்டது.

எதிர்த்தட்டுக் கல்லுக்கு +, புளித்தட்டுக் கல்லுக்கு −, பெஞ்சில் கிடக்கும் கல்லுக்கு 0. பெரிய கல்லிலிருந்து எழுதினால் பதினான்கு: + − − −. இந்த நான்கு கல்லால் 1 முதல் 40 வரை ஒவ்வோர் எடையையும் நிறுக்கலாம். ஒரே தட்டில் மட்டும் வைக்கலாம் என்றால் நான்கு கல்லுக்கு மிஞ்சிப் போனால் 15 வரைதான். இது பழைய புதிர், 1612-இல் பிரான்சின் பாஷே தம் புதிர்த் தொகுப்பில் அச்சிட்டார், அவருக்கும் முன்பே பிபனாச்சிக்குத் தெரிந்திருந்தது.

கூட்டல் எவ்வளவு லேசு பாருங்கள். பதின்மூன்று + + +. பதினான்கோடு சேர்க்கலாம்:

+ − − −
0 + + +

ஒவ்வோர் இடத்திலும் +-உம் −-உம் ஒன்றையொன்று தின்றுவிடும். விடை + 0 0 0, அதாவது 27. ஒரே குறி இரண்டு சேர்ந்தால் மட்டும் இனமாற்றம்: 2 = 3 − 1, ஆகவே இரண்டு + என்றால் + −, இரண்டு − என்றால் − +. ஒரு எண்ணின் குறை எண் வேண்டுமா? குறிகளை எல்லாம் திருப்பினால் போதும், − + + + என்பது −14. பெருக்கல் வாய்ப்பாடு ஒன்பதே கட்டம், அதுவும் பள்ளியில் படித்த குறி விதிதான். பன்னிரண்டில் இரண்டு மாலை தின்ற வேலை இங்கே பத்து நிமிஷம். முக்கியமாக, − இலக்கத்தைப் பத்துக்கு மாற்றி மனக்கணக்குப் போட வழியே இல்லை. பிள்ளை அங்கேயே தங்கித்தான் ஆக வேண்டும்.

இப்போது 1729. மூன்றால் வகுத்துக்கொண்டே போக வேண்டும், மீதி 2 வந்தால் − என்று எழுதி ஈவில் ஒன்றைக் கூட்ட வேண்டும். 1729: ஈவு 576, மீதி 1. 576: ஈவு 192, மீதி 0. 192: ஈவு 64, மீதி 0. 64: ஈவு 21, மீதி 1. 21: ஈவு 7, மீதி 0. 7: ஈவு 2, மீதி 1. 2: மீதி 2, ஆகவே −, ஈவு 0-க்குப் பதில் 1. கடைசியில் 1. கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தால்:

+ − + 0 + 0 0 +

2187 − 729 + 243 + 27 + 1. சரியாக இருக்கிறது. பூச்சியம் அல்லாத குறிகளை எண்ணினால் ஐந்து, ஒற்றைப்படை, எண்ணும் ஒற்றைப்படை. இது எப்போதும் நடக்கும், ஏனென்றால் இங்கே ஒவ்வோர் இட மதிப்பும் ஒற்றைப்படை. பத்தில் கடைசி இலக்கத்தைப் பார்த்து ஒற்றையா இரட்டையா என்கிறோம், இங்கே எல்லா இலக்கத்தையும் பார்க்க வேண்டும். எண்ணின் ஒற்றைத்தன்மை மாறவில்லை, அதைக் கண்டுபிடிக்கிற வழி மட்டும் மாறிவிட்டது. உடம்பும் சட்டையும் பிரியும் இடம் இதுதான்.

இன்னொன்று இருக்கிறது, அதைக் கண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாகப் பிரியுங்கள்:

+ − | + 0 + | 0 0 +

ஒவ்வொரு துண்டும் தனி எண். முதல் துண்டு 3 − 1 = 2. நடுத்துண்டு 9 + 1 = 10. கடைசி 1. மூன்றையும் கூட்டினால் 13. மாற்றி மாற்றிப் போட்டால் 1 − 10 + 2 = −7. பதின்மூன்றும் ஏழும்! 1729-இன் மூன்று பகாக்காரணிகளில் இரண்டு, கேட்காமலே வந்து நிற்கின்றன. காரணம் எளிது: மூன்று இடம் தள்ளினால் 27 மடங்கு. 26 என்பது 2 × 13, ஆகவே 13-ஐப் பொறுத்தவரை 27-உம் 1-உம் ஒன்றே, துண்டுகளைக் கூட்டினால் போதும். 28 என்பது 4 × 7, ஆகவே 7-ஐப் பொறுத்தவரை 27-உம் −1-உம் ஒன்றே, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும். விடை அப்படியே 13 என்றும் −7 என்றும் வந்தது 1729-இன் அதிர்ஷ்டம், சோதனை மட்டும் எல்லா எண்ணுக்கும் செல்லும்.

பத்திலும் இதற்குச் சமமான சோதனை உண்டு. 1001 = 7 × 11 × 13 என்பதால் மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழிக்கலாம்: 729 − 1 = 728, இது 7-ஆலும் 13-ஆலும் வகுபடும். ஆனால் அங்கே 728-ஐ இன்னொரு முறை வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தராசு மூன்றில் ஒரு துண்டு −13-க்குக் கீழும் போகாது, 13-க்கு மேலும் போகாது. எல்லாமே விரல்விட்டு எண்ணுகிற அளவு. பத்தொன்பது மட்டும் இந்த வலையில் சிக்கவில்லை, அதைப் பிள்ளைகளிடம் கேள்வியாக விட்டுவிடுவேன்.

குறைகளை மறைக்கக் கூடாது. நான்கு இலக்க எண்ணுக்கு எட்டு இடம் தேவைப்படுகிறது, தாள் நீளும். பாதி என்ற எளிய பின்னம்கூடப் புள்ளிக்குப் பிறகு + + + + என்று முடிவில்லாமல் ஓடும், பின்னம் சொல்லித்தர நினைப்பவர்கள் பன்னிரண்டுக்கே போய்விடுங்கள், அங்கே மூன்றில் ஒன்று 0.4, நான்கில் ஒன்று 0.3. இலக்கமாக எழுதும் −-ஐயும் கழித்தல் குறியையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள், ஒத்திகையிலேயே நாலு பேருக்கு அது நடந்தது. இந்த முறை − இலக்கத்தைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லப் போகிறேன்.

இதனால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். அவர்களுக்குச் சொல்ல இரண்டு விஷயம் வைத்திருக்கிறேன். 1840-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தாமஸ் ஃபௌலர் இந்த முறையில் இயங்கும் கணக்குப் பொறியை மரத்தால் செய்தார். 1958-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நிக்கோலாய் புருசென்ட்சோவ் குழு செதூன் என்ற கணினியை இதே −, 0, + இலக்கங்களில் கட்டியது, சுமார் ஐம்பது கணினிகள் உற்பத்தியாகி வேலை செய்தன. குறை எண்ணுக்குத் தனிக் குறி வேண்டாம் என்ற அதே வசதிதான் அங்கேயும் உதவியது.

ஆக என் ஆறு மாலைகள் இப்படிப் பிரிந்துவிட்டன. முதல் மாலை பன்னிரண்டு, வெறும் 1001-ஐக் காட்டுவதற்காக. அடுத்த நான்கு மாலைகள் தராசு மூன்று. ஆறாம் மாலை பிள்ளைகள் கேட்பதைப் பொறுத்து −2 அல்லது காரணீயம். உங்கள் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு என்றால் பிபனாச்சியை வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு என்றால் −2-ஐ விடாதீர்கள்.

தராசைத் துடைத்து எண்ணெய் போட்டாகிவிட்டது. ஒத்திகை அன்று 27 அலகுப் பையின் தையல் விட்டு மணல் கொஞ்சம் சிந்தியிருந்தது, அதை மறுபடி நிறுத்துக் கட்ட வேண்டும். 81 அலகுக்கும் ஒரு பை தைக்கிறேன், எட்டு நூறு கிராமும் இன்னும் பத்தும். அது வந்துவிட்டால் 121 வரை நிறுக்கலாம். அந்தப் பெண் ஏற்கெனவே கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள், "அக்கா, 1729-ஐ நிறுக்க எத்தனை பை வேணும்?" என்று. எட்டு. கடைசிப் பை 2187 அலகு, இருபத்தொரு கிலோவுக்கு மேல். அதை மட்டும் பலகையில்தான் நிறுக்க வேண்டும்.